கட்டிட மாதிரிகளை இயற்கைச் சூழலில் காட்சிப்படுத்தல்

கட்டிட மாதிரிகளை இயற்கைச் சூழலில் காட்சிப்படுத்தல் என்பது, கணினியில் உருவாக்கப்பட்ட கட்டிடமொன்றின் முப்பரிமாண மாதிரியை, அது அமையவிருக்கும் நிலம், மரஞ்செடிகள், நீர்நிலை, வானம், ஞாயிற்றொளி ஆகியவற்றுடன் சேர்த்து, ஒளிப்படம் போன்ற தோற்றமுள்ள படமாக ஆக்கும் செயல்முறை ஆகும். இது கட்டிடக்கலைக் காட்சியாக்கத்தின் ஒரு பிரிவு. மாதிரியிலிருந்து இறுதிப் படத்தைக் கணினி கணித்து உருவாக்கும் படிநிலை ரெண்டரிங் எனப்படுகின்றது. தமிழ்நாட்டுக் கட்டிடக்கலைஞர் அலுவலகங்களில் இத்தகைய படங்களைத் திரீடி வியூ என்றும், முகப்பை மட்டும் காட்டுவனவற்றைத் திரீடி எலிவேஷன் என்றும், நடந்து செல்வது போன்று அமைந்த அசைபடங்களை வாக்த்ரூ என்றும் அழைப்பது வழக்கம்.

கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டிடத்தைப் பற்றி அதனை வாங்குவோரும் அயலில் வாழ்வோரும் அறிந்துகொள்வதற்குப் பெரும்பாலும் இப்படங்களே கிடைக்கின்றன. படத்திலுள்ள கட்டிடத்தின் அளவுகள் கட்டிட வரைபடங்களிலிருந்து பெறப்படுகின்றன. ஆனால் சுற்றுச்சூழலைப் படத்தை ஆக்குபவரே தெரிவு செய்கின்றார். இதனால் சூழல் வெறும் அலங்காரப் பின்னணியாக இருப்பதில்லை. அது குறிப்பிட்ட இடத்தைப் பற்றிய ஒரு கூற்றாகவும் அமைகின்றது. ஏரிகள், சதுப்புநிலம், பாறைக் குன்றுகள், புதர்க்காடுகள் என்பன நெருங்கி அமைந்தனவும், கட்டிட வேலைகள் விரைந்து நடைபெறுவனவுமான தாம்பரம் மற்றும் சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதிகள் இதனை விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாகும்.

வரலாறு

கட்டிடங்களை அவற்றின் சூழலுடன் சேர்த்து வரைந்து காட்டும் வழக்கம் கணினிக்கு மிகவும் முற்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த நிலத்தோற்ற வடிவமைப்பாளரான அம்ப்ரி ரெப்டன் (1752–1818), தனது வாடிக்கையாளர்களின் நிலம் இப்போது உள்ள தோற்றத்தையும் மாற்றத்துக்குப் பின் அமையும் தோற்றத்தையும் ஒரே படத்தில் காட்டினார். படத்தின் மேல் ஒட்டப்பட்ட மடிப்புத் தாளைத் தூக்கினால் புதிய தோற்றம் தெரியும். சிவப்பு நூல்கள் என்று அறியப்படும் இவரது தொகுப்புகள் இன்றைய முன்–பின் ஒப்பீட்டுப் படங்களுக்கு முன்னோடிகள் எனலாம். 1792–93 காலப்பகுதியில் தென்னிந்தியாவில் பயணம் செய்த தாமசு டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய ஓவியர்கள் கட்டிடங்களையும் அவற்றைச் சூழ்ந்த நிலத்தையும் சரியான அளவில் வரைவதற்கு இருட்டறைப் படப்பெட்டியைப் பயன்படுத்தினர்.

1963 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய இசுகெட்ச்பேட் என்னும் நிரல் கணினி வழி வரைதலுக்குத் தொடக்கமாக அமைந்தது. எனினும், நேர்கோடுகளால் ஆன கட்டிடத்தைக் காட்டுவது எளிதாகவும், ஒழுங்கற்ற வடிவம் கொண்ட மலை, மரம், முகில் ஆகியவற்றைக் காட்டுவது கடினமாகவும் இருந்தது. இக்குறையைப் பின்வரும் ஆய்வுகள் படிப்படியாக நீக்கின.

1968: உயிரியலாளர் அரிசுடிட் லிண்டன்மேயர் தாவர வளர்ச்சியை எழுத்துச் சரங்களின் மாற்ற விதிகளாக விளக்கினார். எல்-முறைமை எனப்படும் இது பின்னர் கணினியில் மரங்களை வளர்ப்பதற்குப் பயன்பட்டது.

1980: லாரன் கார்ப்பென்டர் பகுவல் வடிவியலைக் கொண்டு உருவாக்கிய மலைத்தொடர்களைக் காட்டும் குறும்படத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் டர்னர் விட்டெட், ஒளிக்கதிரின் பாதையைப் பின்தொடர்ந்து எதிரொளிப்பையும் நிழலையும் கணிக்கும் முறையை வெளியிட்டார்.

1985: கென் பெர்லின், முகில், பளிங்கு, மண் போன்றவற்றின் இயல்பான ஒழுங்கின்மையை ஒத்த சார்பொன்றை வெளியிட்டார்.

1986: சேம்சு கச்சியா, ஒரு காட்சியில் ஒளி பரவுவதை முழுமையாக விவரிக்கும் ரெண்டரிங் சமன்பாட்டை முன்வைத்தார்.

1998: பால் டெபெவெக், உண்மையான இடத்தில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்தே ஒளியின் அளவைப் பெற்று, கணினிப் பொருட்களை ஒளியூட்டும் முறையை விளக்கினார்.

1999: பிரீத்தம், சர்லி, சுமிட்சு ஆகியோர் ஞாயிற்றின் நிலையைக் கொண்டு பகல்வானின் நிறத்தைக் கணிக்கும் மாதிரியை வெளியிட்டனர்.

செயல்முறை

நிலம்

முதற்படியாக நிலத்தின் மேடு பள்ளங்கள் உருவாக்கப்படுகின்றன. மனையின் உட்பகுதிக்கு நில அளவையாளர் எடுத்த மட்டங்கள் பயன்படும். தொலைவில் உள்ள நிலத்துக்குச் செயற்கைக்கோள் அல்லது விண்ணோடத் தரவுகள் பயன்படுத்தப்படுகின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் திரட்டிய உயரத் தரவு இவற்றுள் புகழ் பெற்றது. 2005 மே 5 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் இரட்டைப் படங்களிலிருந்து இந்தியாவுக்கான உயரத் தரவு உருவாக்கப்பட்டது.

இத்தரவுகள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் அமைந்தவை. உயரத்தில் சில மீட்டர் வரை பிழை இருக்கக்கூடும். மலைநாட்டில் இப்பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் பள்ளிக்கரணை போன்ற தட்டையான பகுதியில் நிலத்தின் மொத்த ஏற்ற இறக்கமே இப்பிழைக்குள் அடங்கிவிடும். மேலும் ரேடார் தரவு வெறும் தரையை அன்றி, மர உச்சிகளையும் கூரைகளையும் சேர்த்தே அளக்கின்றது. எனவே, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை இத்தகைய தரவிலிருந்து செய்த படத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

உயரத் தரவுகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு புள்ளிக்கு ஓர் உயரம் மட்டுமே பதியப்படுவதால், செங்குத்தான பாறை முகங்கள் சரிவுகளாக மாறிவிடுகின்றன. பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் சார்னோகைட்டுப் பாறைக் குன்றுகளும், கல் எடுத்ததால் உண்டான செங்குத்து வெட்டுகளும் உள்ளன. இவற்றைத் தனியே மாதிரியாக உருவாக்கிச் சேர்ப்பதே முறையாகும்.

கட்டிடத்தை நிலத்தில் இருத்துதல்

கட்டிட மாதிரி பொதுவாக வேறொரு மென்பொருளில் உருவாக்கப்பட்டு நிலத்தோற்ற மென்பொருளுக்குக் கொண்டு வரப்படுகின்றது. அப்போது மூன்று செய்திகள் சரிபார்க்கப்பட வேண்டும். முதலாவது அளவு: மில்லிமீட்டரில் செய்த மாதிரியை மீட்டர் எனக் கொண்டால் கட்டிடம் ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும். இரண்டாவது திசை: வரைபடத் தாளின் மேற்பக்கம் உண்மையான வடக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது மட்டம்: கட்டிடத் தொழிலாளர் பேஸ்மட்டம் என்று அழைக்கும் அடித்தள மேடையின் உயரம், முன்னுள்ள சாலையின் மட்டத்தோடு ஒப்பிட்டுக் குறிக்கப்பட வேண்டும்.

கட்டிடம் நிலத்தைத் தொடும் இடமே படத்தின் நம்பகத்தன்மையைப் பெரிதும் முடிவு செய்கின்றது. நிழல் சரியாக விழாவிடின் கட்டிடம் மிதப்பது போன்று தோன்றும். சுவரோரப் புல், மண் கறை, வடிகால், படிக்கட்டு போன்ற சிறு கூறுகள் இக்குறையை நீக்குகின்றன.

தாவரங்கள்

முழுமையாகச் செய்யப்பட்ட ஒரு மரத்தில் பல இலட்சம் பல்கோணங்கள் இருக்கலாம். ஒரு தோப்பையே காட்டுவதற்கு இவ்வளவு தரவையும் திரும்பத் திரும்பச் சேமிக்க முடியாது. எனவே ஒரு மரம் ஒரு முறை மட்டும் நினைவகத்தில் வைக்கப்பட்டு, அதன் படிகள் வெவ்வேறு இடத்திலும் அளவிலும் திருப்பத்திலும் நிறுத்தப்படுகின்றன. தொலைவிலுள்ள மரங்களுக்கு, மரத்தின் படம் பதித்த தட்டையான பலகைகளே போதுமானவை.

மென்பொருட்களுடன் வரும் தாவரத் தொகுப்புகளில் ஓக், பர்ச்சு, மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் மிகுதி. இவற்றை அப்படியே பயன்படுத்திய படம் எந்த நாட்டையும் சேராததாகிவிடும். தென்சென்னைப் புறநகரின் இயற்கைத் தாவரம் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டையும் புதர்க்காட்டையும் சேர்ந்தது. நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளிலும், 1937 ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்திலும் இதனைக் காணலாம். தெருவோரங்களில் வேம்பு, புங்கன், பூவரசு, அரசு, கொன்றை என்பனவும், ஏரிக்கரைகளில் பனையும், சதுப்பில் சம்பும் நாணலும் வளர்கின்றன. ஒரு பனை வரிசை தொலைவில் தெரிந்தாலே இடம் எது என்பது தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு விளங்கிவிடும்.

மரத்தின் வயதும் கருத்தில் கொள்ள வேண்டியதாகும். வீடு ஒப்படைக்கப்படும் நாளில் நடப்பட்டிருப்பவை மரக்கன்றுகளே. படத்தில் அவை மூன்று மாடி உயரத்துக்கு வளர்ந்து நின்றால், அது பல ஆண்டுகளுக்குப் பிந்தைய காட்சியாகும்.

ஞாயிறும் வானமும்

ஞாயிற்றின் நிலையை மென்பொருளில் அமைப்பதற்கு அகலக்கோடு, நெடுங்கோடு, நாள், நேரம், நேர வலயம் ஆகிய ஐந்து தரவுகள் தேவை. தாம்பரம் ஏறத்தாழ 12.9 பாகை வடக்கு, 80.1 பாகை கிழக்கில் அமைந்துள்ளது. இந்தியச் சீர்நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், இங்கு ஞாயிறு உச்சம் அடைவது சராசரியாக 12 மணிக்குப் பின் சுமார் 10 நிமிடங்கள் கழித்து ஆகும். நேர வலயத்தைக் கிரீனிச்சு நேரமாக விட்டுவிட்டால் நிழல் ஐந்தரை மணிநேரம் பிழையாகிவிடும்.

ஐரோப்பிய நகரங்களில் நண்பகல் ஞாயிறு எப்போதும் தெற்கில் இருக்கும். தாம்பரத்தில் அவ்வாறன்று. ஏப்ரல் 25, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி ஞாயிறு தலைக்கு நேர் மேலே வருகின்றது. இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்கும். 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கம்பத்தின் நண்பகல் நிழல் சூன் 21 அன்று ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளத்தில் தெற்கு நோக்கியும், டிசம்பர் 21 அன்று ஏறத்தாழ 7.4 மீட்டர் நீளத்தில் வடக்கு நோக்கியும் விழும்.

இது படத்தின் அழகை மட்டும் சார்ந்த செய்தியன்று. இலண்டனுக்கான ஞாயிற்று அமைப்பில் செய்த படத்தில், வீட்டின் வடக்குச் சன்னல் நண்பகலில் ஆண்டு முழுவதும் நிழலில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி அச்சன்னலுக்கு வெயில் தடுப்பு வைக்காமல் கட்டினால், வெப்பம் மிகுந்த மே, சூன் மாதங்களில் அவ்வறைக்குள் வெயில் வரும்.

ஞாயிற்றின் வட்டு வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம் உடையது. இதனால் நிழலின் விளிம்பு தொலைவுக்கேற்ப மங்குகின்றது. 10 மீட்டர் தொலைவிலுள்ள விளிம்பொன்றின் நிழல், கதிர்கள் செங்குத்தாக விழும் பரப்பில் சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கியிருக்கும். எல்லா நிழலும் கத்தியால் வெட்டியது போல் இருப்பது செயற்கைத் தோற்றத்துக்கு ஒரு காரணமாகும். அதே போன்று, கடற்கரை சார்ந்த சென்னையின் ஈரக்காற்றில் தொலைப்பொருட்கள் வெளிறித் தெரியும். ஆழ்ந்த நீல வானமும் கூர்மையான தொலைக்குன்றுகளும் இங்கு அரிதாகவே காணப்படுகின்றன.

நீர்

அமைதியான நீர்ப்பரப்பைக் கணினியில் உருவாக்குவது எளிது. ஒரு தட்டைப் பரப்பு, சிறு அலைகள், பார்வைக் கோணத்துக்கேற்ப மாறும் எதிரொளிப்பு ஆகியன போதும். நீர் எந்த மாதத்தில் எவ்வளவு இருக்கும் என்பதே கடினமான வினா. சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணை முதலிய ஏரிகள் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் நீர் பெறுகின்றன. கோடையில் இத்தகைய ஏரிகளின் நீர்ப்பரப்பு வெகுவாகச் சுருங்கும். 2019 ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பெரிய ஏரிகளே ஏறத்தாழ முற்றிலும் வற்றின.

ஒளிப்படத்துடன் இணைத்தல்

சூழல் முழுவதையும் கணினியில் உருவாக்குவதற்கு மாற்றாக, உண்மையான மனையின் ஒளிப்படத்தில் கட்டிட மாதிரியைப் பொருத்தலாம். இதற்கு ஒளிப்படம் எடுத்த இடம், உயரம், வில்லையின் குவியத் தூரம், எடுத்த நேரம் ஆகியன கணினியின் கற்பனைப் படப்பெட்டிக்கும் தரப்படுகின்றன. சுவர், மின்கம்பம் போன்று அளவு தெரிந்த பொருட்களைக் கொண்டு பொருத்தம் சரிபார்க்கப்படுகின்றது. பின்னர் கட்டிடத்துக்கு முன்னே வரும் மரங்களும் கம்பிகளும் மீண்டும் மேலே வைக்கப்படுகின்றன.

இம்முறையில் சூழலை விருப்பம் போல் மாற்றுவதற்கு இடம் குறைவு. பிரித்தானியாவில் புதிய கட்டிடங்களின் காட்சித் தாக்கத்தை மதிப்பிடுவதற்கு, அளந்து சரிபார்க்கப்பட்ட இத்தகைய படங்கள் பயன்படுகின்றன. அந்நாட்டின் நிலத்தோற்ற நிறுவகம் 2019 ஆம் ஆண்டில் இதற்கான வழிகாட்டுக் குறிப்பொன்றை வெளியிட்டது.

தென்சென்னைப் புறநகரில் சூழலின் முதன்மை

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராசபுரம், திருநீர்மலைப் பகுதிகள் வழியாக அடையாறு செல்கின்றது. 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில், தாம்பரத்தில் 24 மணிநேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் நீரில் மூழ்கின.

கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. சுற்றியுள்ள ஏரிகளின் மிகுதி நீர் இதனை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகம் ஊடாகக் கடலுக்கும் செல்கின்றது. சாலைகள், கட்டிடங்கள், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு ஆகியவற்றால் சதுப்புநிலம் முன்பிருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. எஞ்சியதில் 1247.54 எக்டேர் பரப்பு 2022 ஆம் ஆண்டில் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. பல்லாவரம் பெரிய ஏரி, பல்லாவரம்–துரைப்பாக்கம் ஆரச்சாலையால் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது.

இத்தகைய இடத்தில் அமையும் கட்டிடம் ஒன்றின் படத்தில், சதுப்புநிலத்தைச் சமதளப் புல்வெளியாகவோ, மிகுதிநீர்க் கால்வாயைப் பூங்காவாகவோ காட்டினால், மறைக்கப்படுவது ஒரு காட்சி மட்டுமன்று. மழைக்காலத்தில் நீர் செல்லும் வழியும் மறைக்கப்படுகின்றது. மாறாக, நிலமட்டமும் ஏரிக்கரையும் கால்வாயும் சரியாகக் காட்டப்பட்ட படம், பேஸ்மட்டம் எவ்வளவு உயர வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தை நிலத்தடியில் வைக்கலாமா, நீர் வெளியேற எங்கு இடம் விட வேண்டும் போன்ற வினாக்களைக் கட்டிடம் எழுவதற்கு முன்னரே எழுப்ப உதவுகின்றது.

விளம்பரப் படங்களும் சட்டமும்

இந்திய நாடாளுமன்றம் 2016 ஆம் ஆண்டில் இயற்றியதும், ரெரா என்று பரவலாக அறியப்படுவதுமான மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு இத்துறையுடன் நேரடித் தொடர்புடையது. விளம்பரத்திலோ தகவலறிக்கையிலோ மாதிரி வீட்டிலோ அடங்கிய தவறான செய்தியை நம்பி முன்பணம் செலுத்தி இழப்புக்கு உள்ளானவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகின்றது. வாங்குபவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால், செலுத்திய முழுத் தொகையையும் வட்டியுடனும் இழப்பீட்டுடனும் திரும்பப் பெற உரிமை உண்டு. இப்பிரிவு 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யப்பட்ட திட்டங்களின் விளம்பரத்தில் பதிவு எண்ணையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியையும் குறிப்பிடுவதும் இச்சட்டத்தின்படி கட்டாயமாகும்.

கலைஞரின் கற்பனை என்ற சிறு குறிப்பு இத்தகைய படங்களின் ஓரத்தில் இடம்பெறுவது வழக்கம். எனினும், ஒரு படத்தின் எந்தப் பகுதி வடிவமைப்பு, எந்தப் பகுதி கற்பனை என்பதை அக்குறிப்பு பிரித்துக் காட்டுவதில்லை. அனுமதி பெற்ற வரைபடமே கட்டிடத்தின் அளவுக்கும் திறந்தவெளிக்கும் உரிய ஆவணமாகும்.

மென்பொருட்கள்

கட்டிட மாதிரிகளை உருவாக்குவதற்கு ஆட்டோகேட், ரெவிட், இசுகெட்ச்அப், 3டிஎசு மேக்சு ஆகியனவும், நிலத்தோற்றங்களை உருவாக்குவதற்குப் பிரைசு, வியூ, டெர்ராசென் ஆகியனவும் பெயர் பெற்றவை. ட்வின்மோசன், 2010 ஆம் ஆண்டில் வெளியான லூமியன் போன்றவை வரைகலைச் செயலியின் ஆற்றலைப் பயன்படுத்தி, சூழலை மாற்றியவுடனேயே விளைவைத் திரையில் காட்டுகின்றன. 2002 ஆம் ஆண்டு முதல் திறமூல மென்பொருளாக உள்ள பிளெண்டரை மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

படங்களை மதிப்பிடல்

இத்தகைய படமொன்றைப் பார்ப்பவர் பின்வருவனவற்றைக் கொண்டு அதன் நம்பகத்தன்மையை ஓரளவு அறியலாம்.

நிழல்: நிழலின் திசை, மனையின் வடக்குத் திசையோடும் குறிக்கப்பட்ட நேரத்தோடும் பொருந்துகின்றதா என்பது.

பார்வை உயரம்: படம் தெருவில் நிற்பவரின் கண் உயரமான சுமார் 1.6 மீட்டரிலிருந்து எடுக்கப்பட்டதா, பறவைப் பார்வையா என்பது. மிக அகன்ற கோணம் முன்வெளியைப் பெரிதாகக் காட்டும்.

அயல்: பக்கத்து வீடுகள், மின்கம்பிகள், சாலை அகலம் என்பன உள்ளனவா, அல்லது அவற்றின் இடத்தில் மரங்கள் மட்டும் உள்ளனவா என்பது.

தாவரம்: காட்டப்பட்ட மரங்கள் இப்பகுதியில் வளர்வனவா, ஏற்கெனவே மனையில் நிற்பனவா என்பது.

நீரும் மட்டமும்: அருகிலுள்ள ஏரி, கால்வாய் ஆகியவை வருவாய்த்துறையின் புலப்படத்தில் உள்ள இடத்திலேயே படத்திலும் உள்ளனவா, சாலையைவிடக் கட்டிடத்தின் தரை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பது.

இவற்றையும் பார்க்கவும்

கணினி வரைகலை
கட்டிடக்கலை
பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்
தாம்பரம்
நில அளவை